தொழிற்சாலையிலேயே தரம் பார்ப்பது எப்படி? கவரிங், வளையல், கிளிப் இறக்குமதி செய்யும் சிறு கடைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் கடைக்குள் வந்து, எதுவும் பேசாமல் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். துளையைச் சுற்றிச் சிவந்து தடித்து, ஓரத்தில் நீர் கசிந்து காய்ந்திருந்தது. உள்ளங்கையில் நான் விற்ற ஜிமிக்கி. குடையும் மணியும் நேற்று வாங்கியது போலப் பளபளவென்று இருந்தன. காதுக்குள் போகும் தண்டு மட்டும் எரிந்த தீக்குச்சி போலக் கறுத்திருந்தது. "நாலு நாள்தான் போட்டேன் தங்கச்சி" என்றார்.

அந்த வகையில் 1,200 ஜோடி இறக்கியிருந்தேன். பணம் முழுவதும் கட்டியாயிற்று. தொழிற்சாலைக்குப் படம் அனுப்பினால், "சரக்கைத் திருப்பி அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. அனுப்பும் செலவு என் தலையில். வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மூட்டை கட்டிப் போட்டேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் வேறு வழியும் இல்லை. கோயிலில், தமிழ்ப்பள்ளி வாசலில், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் அதே முகங்களைத்தான் நாளைக்கும் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு, ஓர் ஆள் தொழிற்சாலைக்கே போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் எந்தச் சரக்குக்கும் நான் மீதிப் பணம் கட்டியதில்லை. மீதிப் பணம் நம் கையில் இருக்கும்வரைதான் நம் பேச்சு எடுபடும். இதைச் செய்வதற்குப் பெரிய கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. தோட்டப்புறச் சிறு நகரத்தில் ஒரு பேன்சி கடை, பேஸ்புக் லைவில் வியாபாரம், திருவிழாக் கடை என்று எது நடத்தினாலும் செய்யலாம். எப்படி என்பதை நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. பொருளை உண்மையில் யார் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் கடைகளில் தொங்கும் கவரிங், ஹேர்பேண்ட், கிளிப், கைப்பை பெரும்பாலும் சீனாவின் ஈவூ, குவாங்சோ பக்கத்திலிருந்து வருகின்றன. கண்ணாடி வளையல் என்றால் இந்தியாவின் ஃபிரோசாபாத். கவரிங் செட்டுகளில் ஒரு பகுதி குஜராத்தின் ராஜ்கோட். எந்த ஊராக இருந்தாலும் உங்களிடம் பேசுகிறவர் மூன்றில் ஒருவராக இருப்பார்: தொழிற்சாலைக்காரர், வாங்கி விற்கும் வியாபாரி, அல்லது உங்களுக்காகச் சரக்குத் தேடித் தரும் ஏஜென்டு. மூவருமே தங்களைத் தொழிற்சாலை என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்வார்கள்.

வியாபாரியிடமோ ஏஜென்டிடமோ வாங்குவதில் தவறில்லை. ஆனால் சோதனை எங்கே நடக்கும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். "எங்கள் கிடங்கில் பார்த்துத்தான் அனுப்புவோம்" என்று ஏஜென்டு சொன்னால், பெரும்பாலும் பெட்டிகளை எண்ணிப் பார்ப்பார்கள் என்று பொருள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தண்டு கறுக்கத்தான் செய்யும்.

நான் தவறாமல் கேட்கும் இன்னொரு கேள்வி: முலாம் எங்கே பூசுகிறீர்கள்? வார்ப்பதும் கல் பதிப்பதும் ஒரு கூரைக்குள் நடந்தாலும், முலாம் பூசும் வேலையை வெளியே வேறொரு பட்டறைக்கு அனுப்புவது இந்தத் தொழிலில் சாதாரணம். கவரிங்கில் பிரச்சினை பிறக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். மாதிரிக்கு ஒரு பட்டறையில் பூசிவிட்டு, ஆர்டருக்கு மலிவான இன்னொன்றைப் பிடித்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பட்டறையை மாற்றினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

2. வேண்டியதை அளவோடு எழுதுங்கள்

நமக்காகத் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்க்கும் ஆய்வாளர் உங்கள் மனதில் இருப்பதைச் சோதிக்க முடியாது. தாளில் இருப்பதைத்தான் சோதிப்பார். ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு பக்கத்தில் குறிப்புத் தாள் வேண்டும்.

வளையலை எடுத்துக்கொள்வோம். நமக்கு 2-4, 2-6, 2-8 என்றால் போதும், கையைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவோம். சீனத் தொழிற்சாலைக்கு அது புரியாது. 2-4 என்பது இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது உள்விட்டம் 57.2 மி.மீ. 2-6 என்றால் 60.3 மி.மீ., 2-8 என்றால் 63.5 மி.மீ. ஒரு முறை "விட்டம் 60.3" என்று மட்டும் எழுதிவிட்டேன். அவர்கள் வெளிவிட்டத்தை அளந்து செய்தார்கள். வளையல் கனம் 2 மி.மீ. ஆகையால் இரு பக்கமும் சேர்ந்து 4 மி.மீ. உள்ளே போய்விட்டது. 2-6 கேட்டவர்களுக்கு 2-4-ஐவிடச் சிறிய வளையல் வந்து நின்றது. நல்லவேளையாக அது மாதிரிக் கட்டத்திலேயே தெரிந்தது. இப்போது "உள்விட்டம்" என்று எழுதி, படத்தில் அம்புக்குறியும் போட்டு, கூடக்குறைய 0.5 மி.மீ. வரை போகலாம் என்றும் சேர்க்கிறேன். அந்தக் கூடக்குறைய இல்லாமல் எழுதிய அளவு சண்டைக்குத்தான் வழி. 0.1 மி.மீ. வித்தியாசத்தைக் குறை என்று நீங்களும், இல்லை என்று அவர்களும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

தாளில் இருக்க வேண்டியவை: அடி உலோகம் பித்தளையா, துத்தநாகக் கலவையா, இரும்பா, முலாம் என்ன, எத்தனை மைக்ரான் கனம், காதுத் தண்டு எந்த உலோகம், கல் ஒட்டியதா, பல் மடக்கிப் பிடித்ததா, நிறத்துக்கு ஒப்பிட ஒரு மாதிரி, எடை, ஒரு அட்டையில் எத்தனை, ஒரு பெட்டியில் எத்தனை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் உண்டா.

உலோகப் பாதுகாப்புக்கு நான் ஐரோப்பிய வரம்புகளை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறேன். ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கு அவை பழக்கமானவை. காது குத்திய துளைக்குள் போகும் பாகத்திலிருந்து வெளியாகும் நிக்கல், ஒரு வாரத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். தோலோடு ஒட்டிக் கிடக்கும் மற்ற பாகங்களுக்கு அது 0.5. ஈயம் எடையில் 0.05 விழுக்காட்டுக்குள், உலோகப் பாகங்களில் காட்மியம் 0.01 விழுக்காட்டுக்குள். அந்த அக்காவின் காதில் நான் பார்த்தது நிக்கல் ஒவ்வாமைக்காரர்களிடம் வரும் அதே தோற்றம். வெயிலில் வேலை செய்து வியர்க்கிறவர்களுக்கு இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் உலோகத்திலிருந்து நிக்கலைக் கரைத்து வெளியே எடுப்பதே வியர்வைதான்.

தாளைச் சீனத்திலும் எழுதுங்கள். எனக்கு இதில் கைகொடுப்பவர் பக்கத்துக் கடைச் சீன முதலாளியான தவுக்கேயின் மகள். மொழிபெயர்ப்புச் செயலி "திருகாணி"யை மர ஆணி என்று மாற்றியதை அவர்தான் கண்டுபிடித்தார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், போய்க் கேளுங்கள்.

3. மாதிரியை வாங்கி, வதைத்துப் பாருங்கள்

ஆர்டருக்கு முன் மாதிரி வாங்கும்போது ஒன்று வாங்காதீர்கள், ஆறு வாங்குங்கள். மூன்றை முத்திரையிட்டு வைக்க வேண்டும்: ஒன்று உங்களிடம், ஒன்று தொழிற்சாலையில், ஒன்று ஆய்வாளருக்கு. சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயில் ஸ்டிக்கர் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் தேதியும். மற்ற மூன்றும் வதைக்க.

நான் செய்வது இதுதான். ஒரு கிண்ணம் வெந்நீரில் அரைக் கரண்டி உப்பும் சில சொட்டு வினிகரும் கலந்து, பஞ்சை நனைத்துத் தண்டைச் சுற்றி ஒரு நாள் வைப்பேன். ஆய்வகத்தில் செயற்கை வியர்வையில் ஒரு வாரம் ஊறவைத்து அளப்பார்கள். அதில் உப்பு, லாக்டிக் அமிலம், யூரியா எல்லாம் உண்டு. நம் கிண்ணம் அதற்கு ஈடாகாது. ஆனாலும் மட்டமான முலாம் மறுநாள் காலைக்குள் பஞ்சைப் பச்சையாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் நிக்கலைக் காட்டும் துளி மருந்து இணையத்தில் சிறு குப்பியில் கிடைக்கிறது. பஞ்சுக்குச்சியில் ஒரு துளி விட்டு அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் வெளியாகும் இடத்தில் குச்சி இளஞ்சிவப்பாகும். காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையும் துத்தநாகக் கலவையும் காந்தத்தில் ஒட்டாது, இரும்பு கப்பென்று பிடித்துக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது மாதிரியை வீட்டில் யாராவது இரண்டு வாரம் போட்டுக்கொள்ளட்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்ற வேண்டாம்.

4. பணம் கட்டும் விதத்தைச் சோதனையோடு கட்டிப்போடுங்கள்

வழக்கமான முறை 30 விழுக்காடு முன்பணம், 70 விழுக்காடு மீதி. பல கடைக்காரர்கள் "சரக்கு தயார்" என்ற செய்தியைப் பார்த்ததுமே மீதியைக் கட்டிவிடுகிறார்கள். ஆர்டர் தாளில் இந்த வரிகள் இருக்கட்டும்: வாங்குபவர் அனுப்பும் ஆய்வாளரின் சோதனையில் தேறிய பிறகே மீதிப் பணம். தேறாவிட்டால் சரிசெய்யும் செலவும் மறுசோதனைச் செலவும் தொழிற்சாலையுடையது. சோதனைக்கு முன் ஒரு பெட்டியும் தொழிற்சாலையை விட்டு வெளியேறக் கூடாது.

இந்த வரிகளுக்குச் சம்மதிக்காத தொழிற்சாலையிடம் நான் வாங்குவதில்லை. விலை பத்துக் காசு குறைவு என்று சொன்னாலும் சரி.

5. நாளைக் குறியுங்கள்

தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 2026-இல் தீபாவளி நவம்பர் 8. செப்டம்பர் நடுவில் கடையில் சரக்கு இருக்க வேண்டும் என்றால், பிறரோடு பங்குபோட்ட கொள்கலனில் வரும் சரக்குக்குத் தொழிற்சாலை வாசலிலிருந்து கிள்ளான் துறைமுகம் வழியாக நம் கடை வரை ஐந்து வாரம் வைப்பேன். ஆகவே கடைசிச் சோதனை ஆகஸ்டு முதல் வாரம். தேறாவிட்டால் சரிசெய்ய ஒரு வாரம் அதற்குள்ளேயே வேண்டும், அதனால் ஜூலைக் கடைசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்திக்கு 30 முதல் 45 நாள். முன்பணம் ஜூன் நடுவுக்குள். மாதிரி வேலை ஏப்ரல், மே மாதங்களில். சீனப் புத்தாண்டை ஒட்டித் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். திறந்ததும் புது ஆட்கள் நிறையப் பேர் சேருவார்கள். அந்த முதல் மாதத்துச் சரக்கை நான் தவிர்க்கிறேன்.

சோதனையை இரண்டு கட்டத்தில் செய்யலாம். உற்பத்தியில் கால்வாசி முடிந்தபோது ஒரு முறை, எல்லாம் முடிந்து அனுப்பும் முன் ஒரு முறை. முதல் ஆர்டர், புதிய தொழிற்சாலை, புதிய முலாம் என்றால் இரண்டும் செய்யுங்கள். பழகிய இடமாக இருந்தால் கடைசிச் சோதனை போதும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சரக்கு முழுவதும் செய்து முடிந்து, குறைந்தது 80 விழுக்காடு பெட்டியில் அடைத்திருக்க வேண்டும். பாதி சரக்கை வைத்துக்கொண்டு "வாருங்கள்" என்று அழைத்தால், மீதிப் பாதியை யாரும் பார்க்கப் போவதில்லை.

6. ஆய்வாளரை அமர்த்துவது

எஸ்.ஜி.எஸ்., பீரோ வெரிடாஸ், இன்டர்டெக், கியூமா போன்ற நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. சீனாவில் சிறிய நிறுவனங்களும் நிறைய உண்டு. ஓர் ஆளின் ஒரு நாள் வேலைக்குப் பொதுவாக 200 முதல் 300 அமெரிக்க டாலர் ஆகும். 7,000 ரிங்கிட் சரக்குக்கு இது கனமான செலவு, ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் கண்ட வழி, கோலகங்சார், தைப்பிங் கடைக்காரர்கள் இருவரோடு சேர்ந்து ஒரே தொழிற்சாலையில் ஆர்டர் போடுவது. ஒரே நாளில் மூவர் சரக்கும் சோதனையாகும், செலவு மூன்றாகப் பிரியும். சேர ஆள் இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஆறு சிறிய ஆர்டர் போடுவதை விட்டுவிட்டு இரண்டு பெரிய ஆர்டராகப் போடுங்கள்.

ஆய்வாளரை நீங்களே அமர்த்த வேண்டும், கட்டணத்தையும் நீங்களே கட்ட வேண்டும். தொழிற்சாலை ஏற்பாடு செய்து தரும் ஆய்வாளர் தொழிற்சாலையின் ஆள்தான். ஆய்வாளருக்குச் சாப்பாடு, அங்பாவ் (உறையில் வைத்துத் தரும் பணம்) எதுவும் கொடுக்கக் கூடாது என்று தொழிற்சாலைக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

7. எத்தனை எடுத்துப் பார்ப்பது?

1,200 ஜோடியையும் ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் போதாது. அதற்காக உலகம் முழுக்கப் பயன்படும் அட்டவணை ஒன்று உண்டு, பெயர் ஐ.எஸ்.ஓ. 2859-1. அமெரிக்க இராணுவம் தளவாடங்களைச் சரிபார்க்க வைத்திருந்த அட்டவணையிலிருந்து வளர்ந்தது. தொழிற்சாலைக்காரர்கள் இதை "ஏ.கியூ.எல்." என்றே சொல்வார்கள், ஏற்கத்தக்க தர வரம்பு என்று பொருள்.

குறைகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஆபத்தான குறை: கூர்முனை நீட்டிக்கொண்டிருப்பது, துருப்பிடித்த தண்டு, பைக்குள் உடைந்த ஊசி. இவற்றில் ஒன்றுகூடக் கூடாது. பெரிய குறை: வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரும் குறை. கல் விழுந்தது, திருகாணி பிடிக்கவில்லை, ஜோடியில் ஒன்று வேறு நிறம். சிறிய குறை: கூர்ந்து பார்த்தால்தான் தெரிவது, பின்பக்கக் கீறல் போல. பெரிய குறைக்கு 2.5, சிறிய குறைக்கு 4.0 என்ற ஏ.கியூ.எல். எண்கள்தான் வழக்கம், எண் குறையக் குறையச் சோதனை கடுமையாகும். எத்தனை எடுப்பது என்பதற்கு அட்டவணையில் பல நிலைகள் உண்டு. சாதாரண நிலையில் கணக்கு இப்படி வரும்:

281 முதல் 500 வரை சரக்கு: 50 எடுக்க வேண்டும். பெரிய குறை 3 வரை, சிறிய குறை 5 வரை தேறும்.
501 முதல் 1,200 வரை: 80 எடுக்க வேண்டும். பெரியது 5, சிறியது 7.
1,201 முதல் 3,200 வரை: 125 எடுக்க வேண்டும். பெரியது 7, சிறியது 10.

அதற்கு மேல் ஒன்று கூடினாலும் முழுச் சரக்கும் தேறவில்லை என்றே பொருள்.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். 2.5 என்று எழுதியதால் 100-க்கு இரண்டரைதான் பழுதாக வரும் என்று நினைக்கிறார்கள். 80-இல் 5 பழுது இருந்தும் தேறலாம் என்றால் அது 6.25 விழுக்காடு. எடுத்த 80-இல் அது நடக்கிறது என்றால் முழுச் சரக்கிலும் அதற்குக் கிட்டத்தட்ட இருக்கலாம். ஆகவே காதுத் தண்டு, திருகாணி இரண்டுக்கும் மட்டும் நான் 1.5 என்று எழுதுகிறேன். அப்போது 80-இல் 3 வரைதான்.

அடுத்த பிரச்சினை டிசைன். நம் வாடிக்கையாளருக்கு வகைவகையாக வேண்டும். அதனால் 12 டிசைனில் தலா 100 என்று ஆர்டர் போடுவோம். மொத்தம் 1,200 என்று கணக்கிட்டு 80 எடுத்தால் ஒரு டிசைனுக்கு ஆறோ ஏழோதான் வரும். அதில் ஒரு டிசைன் முழுவதும் கெட்டிருந்தால்கூட மொத்தக் கணக்கில் தப்பிவிட வாய்ப்புண்டு. ஒவ்வொரு டிசைனையும் தனிச் சரக்காக எடுத்தால் ஒன்றுக்கு 20, மொத்தம் 240. ஓர் ஆள் ஒரு நாளில் அவ்வளவையும் பொறுமையாகப் பார்ப்பது கடினம். நான் கண்ட நடுவழி: எல்லா டிசைனுக்கும் ஒரே தண்டு, ஒரே திருகாணி, ஒரே முலாம், ஒரே பட்டறை என்று வைத்துக்கொள்வது. மேல் வடிவம் மட்டும் மாறும். அப்போது தண்டுக்கும் முலாமுக்கும் எடுக்கும் 80 எல்லா டிசைனுக்கும் சேர்த்தே பேசும்.

8. சோதனை நாளன்று

எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதை ஆய்வாளர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வாசலருகே அழகாக அடுக்கியிருக்கும் பெட்டிகள் நமக்காகவே தயார் செய்தவையாக இருக்கலாம். எத்தனை பெட்டி என்பதற்கு ஆய்வாளர்கள் மொத்தப் பெட்டியின் வர்க்கமூலத்தோடு ஒன்று சேர்ப்பார்கள். 36 பெட்டி இருந்தால் 6-உம் 1-உம், ஆக 7. அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த நேரத்தில் வீசாட்டில் வீடியோ அழைப்பில் இருங்கள். ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் இது சகஜம்.

நான் தாளில் கேட்கும் சோதனைகள் இவை. முத்திரையிட்ட மாதிரியை அருகில் வைத்து நல்ல வெளிச்சத்தில் நிறமும் வடிவும் ஒப்பிடுவது. கேலிப்பரால் அளப்பது. வளையல் என்றால் ஒவ்வொரு அளவிலும் பத்து. முலாம் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுப்பது. நாடாவில் தங்கப்பொடி தெரிந்தால் பெரிய குறை. வெள்ளைத் துணியால் இருபது முறை தேய்ப்பது. காந்தம் வைப்பது. ஜிமிக்கியை மூடிய டப்பாவில் போட்டுக் குலுக்கிவிட்டுக் கல்லை எண்ணுவது. தண்டில் ஒரு கிலோ எடையைப் பத்து நொடி தொங்கவிடுவது. கிளிப்பை நூறு முறை திறந்து மூடுவது. உடைத்துப் பார்க்கும் சோதனைகளுக்கு 80 தேவையில்லை, அட்டவணையிலேயே அதற்குச் சிறு அளவு உண்டு. 1,200 சரக்கில், குறைவாக எடுப்பதற்கென்றே உள்ள இரண்டாம் சிறப்பு நிலை என்றால் 5 போதும்.

கைப்பையும் சேர்ந்தால்: பிடியில் எடை தொங்கவிட்டுத் தையல் இழுபடுகிறதா, ஜிப் ஐம்பது முறை ஓடுகிறதா, உள்துணித் தையல் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைகளில் நம்மை அதிகம் படுத்துவது போலித் தோல் உரிவது. சூடும் ஈரமும் சேர்ந்தால் மலிவான பாலியூரிதேன் பூச்சு தானாகவே சிதைந்து உதிரும். அலமாரியிலேயே உரிந்த பை உங்களிடமும் இருக்கும். இதை ஒரு நாள் சோதனையில் பிடிக்க முடியாது. பொருள் என்ன தரம், ஈரத்தில் வைத்துச் சோதித்த அறிக்கை உண்டா என்று ஆர்டருக்கு முன்பே கேட்பதுதான் வழி. துப்பட்டா, ஷால் என்றால் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா பார்த்தால் போதும்.

கடைசியாகப் பெட்டியைக் கீழே போடுவது. ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம் என்று மொத்தம் பத்து முறை. ஒன்பதரைக் கிலோவுக்குள் இருக்கும் பெட்டிக்கு உயரம் 76 செ.மீ. கண்ணாடி வளையலுக்கு இதை விடவே விடாதீர்கள். லோரியிலிருந்து எப்படி இறக்குவார்கள் என்று நமக்குத் தெரியாததா.

9. அறிக்கை வந்ததும்

மறுநாள் படங்களோடு அறிக்கை வரும். மேலே "தேறியது", "தேறவில்லை", "முடிவு வாங்குபவர் கையில்" என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். குறைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தேறிய அறிக்கையிலும் ஒரே குறை நான்கு முறை வந்திருந்தால் அது தற்செயல் இல்லை, அச்சிலோ பட்டறையிலோ ஏதோ கோளாறு.

ஒரு முறை எனக்கு 80-இல் 9 பெரிய குறை வந்தது. ஒன்பதும் திருகாணி. மரை தேய்ந்து, தண்டில் ஏறாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை இரண்டு விழுக்காடு தள்ளுபடி தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. தள்ளுபடி யாருக்கு வேண்டும்? திருகாணி கழன்று ஒரு பிள்ளை தோட்டை பள்ளிக்கூடத் திடலில் தொலைத்துவிட்டு அழுதால் அந்தத் தாய் என்னிடம்தான் வருவார். திருகாணி அத்தனையையும் மாற்றச் சொன்னேன். நான்கு நாளில் மாற்றினார்கள். மறுசோதனையில் 2 குறை. அன்று மாலையே மீதியைக் கட்டினேன். சரிசெய்யக்கூடிய குறையானால் சரிசெய்யச் சொல்லுங்கள், பார்வைக்கு மட்டும் இடிக்கும் சிறு குறையானால் விலையைக் குறைக்கலாம், தோலைத் தொடும் குறையானால் எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

குழந்தைகள் நகை, புதிய முலாம் இரண்டுக்கும் சோதனையில் எடுத்ததிலிருந்தே இரண்டு மூன்றை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வேன். தொழிற்சாலை காட்டும் பழைய ஆய்வக அறிக்கை வேறொரு சரக்கினுடையதாக இருக்கலாம். அறிக்கையில் இருக்கும் படமும் தேதியும் உங்கள் பொருளோடு பொருந்துகிறதா பாருங்கள்.

10. கிள்ளானிலிருந்து கடை வரை

துறைமுகத்தில் சுங்க வேலையை உங்கள் சுங்க ஏஜென்டு பார்ப்பார். நீங்கள் அவருக்குப் பொருளைச் சரியாகச் சொன்னால் போதும். கவரிங் நகை 7117, கிளிப்பும் சீப்பும் 9615, கைப்பை 4202 என்ற சுங்க வரித் தலைப்புகளில் வரும். சீனாவிலிருந்து வரும் சரக்குக்கு ஆசியான்–சீன ஒப்பந்தத்தின்கீழ் வரிச் சலுகை கேட்க, சரக்கு அங்கே செய்தது என்று காட்டும் "ஃபார்ம் இ" சான்றிதழ் வேண்டும். அதை அனுப்புகிறவர்தான் எடுத்துத் தர முடியும், ஆகவே ஆர்டர் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

சரக்கு கடைக்கு வந்ததும் பிரிக்கும் முன் பெட்டிகளை நாலு பக்கமும் படம் எடுங்கள். நசுங்கியதையும் ஈரம் பட்டதையும் தனியே வையுங்கள். கடலில் வரும்போது கொள்கலனின் உள்கூரையில் ஈரம் வியர்த்துச் சொட்டுவதுண்டு. மேலடுக்குப் பெட்டிகளில் சிலிக்கா பொட்டலம் ஊறிப்போயிருந்தால் உள்ளே நகை கறுக்கத் தொடங்கியிருக்கும். அப்புறம் இருபது ஜோடியைக் கையில் வந்தபடி எடுத்து, முத்திரையிட்ட மாதிரியோடு ஒப்பிட்டு, நாடா, உப்பு நீர், நிக்கல் துளி மூன்றையும் மறுபடி செய்யுங்கள். தொழிற்சாலையில் தேறிய சரக்குதான் வந்து சேர்ந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். பெட்டியில் ஆய்வாளரின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒவ்வொரு டிசைனிலும் இரண்டு ஜோடியைத் தேதி எழுதி எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து யாராவது குறை சொல்லி வந்தால் ஒப்பிட அது உதவும். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற பொருளின் தரத்துக்கு விற்றவரும் பதில் சொல்ல வேண்டும். "சீனாவில் அப்படிச் செய்துவிட்டான்" என்று கைவிரிக்க முடியாது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் வையுங்கள். யார் எந்த டிசைனைத் திருப்பிக் கொடுத்தார்கள், எத்தனை நாள் போட்டார்கள், எங்கே கெட்டது என்று மூன்றே விவரம். அடுத்த ஆர்டருக்கு உட்காரும்போது அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சோதனைத் தாளை எழுதுவேன். என் தாளின் முதல் வரி அந்தத் தீபாவளியிலிருந்து மாறவில்லை: "காதுத் தண்டு: துருப்பிடிக்காத எஃகு, துளி மருந்தில் நிறம் மாறக் கூடாது, மாறினால் முழுச் சரக்கும் வேண்டாம்."